ஆடிப் பூஜ்யம்

எங்கள் மெட்டியைப் பற்றிப் புகார் சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் மெட்டி போடாதவர்கள். கணவன்மார் வருவார்கள், மாமியார்கள் வருவார்கள், சில சமயம் சம்பந்தமே இல்லாத சித்தப்பாக்கள் வருவார்கள். ஒருமுறை ஒரு மாமனார் வந்து, மருமகளின் பச்சை விளக்கு இந்த மாதம் மங்கலாக எரிந்தது, பல்பை மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அவரை வாசல் வரை கொண்டு விட்டுவிட்டு வந்து நான் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மெட்டியின் பெயர் 'அரும்பு'. பார்க்கச் சாதாரண வெள்ளி மெட்டிதான். உள்புறம் அரிசி மணி அளவில் ஒரு கருவி உண்டு. தோலின் சூட்டையும் வியர்வையில் கசிகிற சுரப்புகளையும் அது ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். இன்று சேர்ந்தால் கரு தரிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று தினமும் காலையில் கைபேசிக்கு ஒரு எண் வரும். மெட்டியின் மேல் குன்றிமணி அளவு விளக்கு ஒன்று, எண்ணுக்கு ஏற்றபடி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எரியும்.

இரண்டாயிரத்து அறுபதுகளில் இது அவசியப் பொருளாகிவிட்டது. பிள்ளைகள் இல்லாமல் ஊருக்கு ஊர் தொடக்கப் பள்ளியைப் பூட்டி நெல் மூட்டை அடுக்கிய காலம். பச்சை எரிந்தால் கணவனுக்குச் சம்பளத்தோடு ஒருநாள் விடுப்பு என்று சட்டமே வந்தது. பச்சை விடுப்பு முடிந்து வேலைக்கு வருகிறவனை, பரீட்சை எழுதிவிட்டு வந்த பையனைப் பார்ப்பது போல அலுவலகமே நிமிர்ந்து பார்க்கும். எண்ணை வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வசதி வேறு. அந்த வசதியைக் கண்டுபிடித்தவனை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

என் பெயர் நறுமுகை. கோயம்புத்தூர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு என் பொறுப்பு. எனக்குக் கல்யாணம் ஆனது, முடிந்தும் விட்டது. ஆகவே காலில் மெட்டி கிடையாது. இந்த வேலைக்கு அது ஒரு தகுதி என்றே நினைக்கிறேன்.

புரட்டாசியில், மழை வருமா வராதா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அந்த மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் மாமியார், நடுவில் மருமகள், பின்னால் மகன். மாமியார் தன் பெயர் தர்ஷினி, ஊர் தாராபுரம் என்றார். இந்தத் தலைமுறை மாமியார்களுக்கெல்லாம் தர்ஷினி, ஹரிணி, வர்ஷா என்றுதான் பெயர். பெயரில் ஒரு துள்ளல் இருக்கும், குரலில் இருக்காது.

அவர் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. உள்ளே ஏதோ கனமான பொருள். பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இப்படிப்பட்ட பைகளில் இருந்து என் மேசைக்கு வந்தவை எனக்கு நினைவிருக்கின்றன. நகைக்கடை ரசீது, வக்கீல் கடிதம், ஒருமுறை தாலி. எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன்.

"இந்த மெட்டி பொய் சொல்லுமுங்களா, சொல்லாதுங்களா?" என்றார் தர்ஷினி. "எனக்கு அது ஒண்ணுதானுங்க தெரியோணும்."

"என்ன ஆச்சு, சொல்லுங்க."

"மருமவ முழுகாம இருக்கா."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயந்தானுங்க. ஆனா ஸ்கேன்ல, ஆடி நடுவுல உண்டானதுங்கறாங்க. வைகாசியில கண்ணாலம். ஆடிக்குப் பொண்ணை அவங்கம்மா ஊட்டுக்கு, பல்லடத்துக்குத் தாட்டி உட்டாச்சு. பையன் தாராபுரத்துல எங்கூட. ஆடி பொறந்ததும் அங்க போயி ஊட்டுக்குத் தூரமாகியும் இருக்கா. அதுக்கப்பறம் ஆடி முச்சூடும் மெட்டி செவப்புத்தானுங்க. நெம்பரு பூஜ்யம். தெனமும் காலையில காப்பி குடிக்கறப்ப நாந்தான் போன்ல பாப்பேன்."

ஆடியில் கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று புதுமணத் தம்பதியைப் பிரித்து வைப்பது நம் வழக்கம். மின்விசிறி இல்லாத காலத்தில் யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். இன்றைக்குப் பிரசவ அறையில் நர்சுகள் சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மகனைப் பார்த்தேன். பெயர் திகழன். காற்றாலைகளைப் பழுது பார்க்கிற வேலை என்று பதிவில் இருந்தது. வெயிலில் கறுத்த நெடிய உருவம். என்னையும் பார்க்காமல், பெண்டாட்டியையும் பார்க்காமல், கூரையில் சுற்றிக்கொண்டிருந்த விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் யாழ்மொழி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் புரிந்துவிட்டது. மெட்டி உண்மை என்றால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை இன்றோடு சரி. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பேர் வைத்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு சொல் என் காதில் சிக்கிக்கொண்டது.

"பூஜ்யம்னா, நீங்களாச் சொல்றீங்களா, இல்ல பூஜ்யம்னே எண்ணு வந்துச்சா?"

"பூஜ்யமேதானுங்க. முட்டை மாதிரி பெருசா."

"சரி. மெட்டி போட்டிருக்கறவங்ககிட்ட மட்டும் நான் கொஞ்சம் தனியாப் பேசணும். எங்க விதி."

தர்ஷினி மறுபேச்சு இல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமியார்கள் இந்த இடத்தில்தான் வழக்கமாகச் சண்டை பிடிப்பார்கள். திகழன் கதவுவரை போய் நின்றான்.

"மேடம், மெசின் கரெக்டாத்தானே இருக்கும்?" என்று கேட்டான். எந்தப் பதில் வேண்டும் என்று அவனுக்கே தெரியாத குரல்.

கதவு சாத்தியதும் யாழ்மொழியிடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினேன். அவள் தொடவில்லை.

"மாமா வந்தாருங்க," என்றாள்.

"யாரு, வெளிய நிக்கறாரே அவரா?"

"ஆமாங்க. ஆடிப் பெருக்கு நோம்பிக்கு முந்தின நாளு. எங்கூருக்கிட்ட ஒரு காத்தாடி நின்னு போச்சு. காத்து அடிக்கற மாசத்துல காத்தாடி நின்னா அவங்களுக்கு உசுரே போன மாதிரி. அதைப் பாக்க வந்தவரு எனக்குப் போன் பண்ணி, இங்கதான் இருக்கேன், இன்னும் சாப்படலைன்னாரு. நான் அரிசிம்பருப்பு ஆக்கி, தூக்குப்போசியில போட்டுட்டு ஸ்கூட்டர்ல போனேன். காத்தாடிக்கு அடியில சாமான் வெக்கற ரூம் ஒண்ணு இருக்குதுங்க…"

அவள் நிறுத்தினாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இலவம்பஞ்சு எம்மாத்திரம்.

"அதுக்கு முன்னால மெட்டியப் பாத்தமுங்க," என்றாள் அவள், எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்பது போல. "ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போனதுல இருந்து நான் அதைப் பாக்கவே இல்ல. யாரும் நெம்பர் கேக்காம, அப்பாடான்னு இருந்துச்சு. அன்னைக்குத்தான் பாத்தோம். செவப்பு. போன்ல பூஜ்யம். பூஜ்யம்னா ஒண்ணும் ஆகாது, சித்திரைப் பிள்ளைன்னு யாரும் பேச மாட்டாங்கன்னு ஒரு தைரியம். அது அஞ்சோ பத்தோ காட்டியிருந்தா நான் சாப்பாட்டைக் குடுத்துட்டுத் திரும்பியிருப்பேன்."

"உங்க மாமியாருக்கு இது தெரியாதா?"

"ஆடியில வந்தேன்னு அம்மாகிட்டச் சொல்லிராத, மானம் போயிரும்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாருங்க. நான் இன்னிவரைக்கும் சொல்லல. ஸ்கேன் பாத்துட்டு வந்த அன்னைக்கு அவரே கேக்கறாரு. பூஜ்யத்துல எப்படி ஆகும், வேற எந்த நாள்லயாச்சும் மெட்டியக் கழட்டி வெச்சியான்னு. திட்டலை, கை நீட்டலை. கணக்கு வாத்தியாரு மாதிரி கேக்கறாரு. அதுதாங்க எனக்குத் தாங்கல."

"ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா, யாரு அப்பான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுவாங்களே?"

"நாந்தான் மாட்டேன்னுட்டேன்." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் காயிதத்தைப் பாத்துத்தான் நம்புவீங்கன்னா, அந்தக் காயிதத்தோடவே குடும்பம் நடத்துங்கன்னு சொல்லிட்டேன்."

இந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே அவள் முகம் தளர்ந்தது.

"ஆனா ராவும் பகலும் அந்த நெம்பரையே நெனச்சுக்கிட்டு இருக்கேனா, எனக்கே ஒரு வாரமா, அன்னைக்குக் காத்தாடிக்குப் போனது கனவோன்னு தோணுதுங்க. பைத்தியம் புடிச்சிருமாட்ட இருக்குது."

மெட்டி உண்மையில் அளந்தவை எல்லாம் எங்கள் கணினியில் ஒரு கோடாக வந்து சேரும். அதற்கு மூலக்கோடு என்று பெயர். அதை வாடிக்கையாளருக்குக் காட்டக் கூடாது. மக்கள் கோட்டைப் பார்த்தால் குழம்புவார்கள், எண்ணைப் பார்த்தால்தான் வாங்குவார்கள் என்பது மேலிடத்து வாதம். நான் அவள் மெட்டியின் மூலக்கோட்டை எடுத்தேன். பார்த்தேன். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவள் உடம்பைப் பற்றி அவளுக்குக் காட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தால், அந்த விதியைக் குப்பையில்தான் போட வேண்டும்.

"மொதல்ல ஒண்ணு சொல்றேன்," என்றேன். "எங்க மெட்டிக்குப் பூஜ்யம் காட்டத் தெரியாது."

"அப்படின்னா?"

"அது சொல்லக்கூடிய ஆகக் குறைஞ்ச எண்ணே ஒண்ணுதான். ஏன்னா எந்த நாளையும் முழுப் பூஜ்யம்னு யாராலயும் சொல்ல முடியாது. முட்டை வெளிய வர்ற நாளு கடிகாரம் பாத்து வராது. காய்ச்சல் வந்தாத் தள்ளிப் போகும். ஊரு மாறினா முன்ன பின்ன ஆகும். வெசனப்பட்டாக்கூட மாறும். அதனாலதான் இந்த மெட்டியச் செஞ்சவங்க பூஜ்யத்தையே வெக்கல. அந்த ஒரு விஷயத்துல யோக்கியமாத்தான் செஞ்சிருக்காங்க."

"அப்ப நாங்க பாத்த பூஜ்யம்?"

"அது அளந்து வந்ததில்ல. மேல ஒட்டின ஸ்டிக்கர்."

அவளுக்கு விளக்கினேன். அதற்கு ஆடிப் பூட்டு என்று பெயர். முதல் ஆடியில் மெட்டி பச்சையாக எரிந்தால் மாப்பிள்ளைகள் வண்டியை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்று பெரியவர்கள் புகார் சொன்னார்கள். விற்பனைப் பிரிவு உடனே ஒரு வழி செய்தது. முதல் ஆடியில் இருக்கிற புதுப்பெண்ணுக்கு, கருவி என்ன அளந்தாலும் சரி, வெளியே எண் தெரியாது. இப்படி ஒரு பூட்டு இருப்பது எனக்கும் தெரியும். அது எண்ணை மறைக்கும் என்றுதான் எங்கள் பிரிவுக்குச் சொல்லியிருந்தார்கள். எண்ணுக்குப் பதிலாகப் பூஜ்யம் எழுதும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கிளம்பாமல் தடுக்க வைத்த பூட்டுதான் இந்த இரண்டு பேருக்கும் தைரியம் கொடுத்திருக்கிறது. விற்பனைப் பிரிவுக்கு ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும்.

"இந்த இடத்தைப் பாருங்க. கோடு இங்க படியேறுற மாதிரி ஏறுது பாருங்க, அதுதான் முட்டை வந்த நாளு. ஆடி இருபது."

அவள் முகம் வெளுத்தது. "மாமா வந்தது பதினேழுங்க. பதினேழோட சரி. இருபதுல அவரு வரவே இல்லீங்க." திரையில் இருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப இதுவும் எனக்கு எதிராத்தான் சொல்லுதா?"

"இருங்க, முழுசாக் கேளுங்க. முட்டை வந்தா அதுக்கு ஆயுசு ஒருநாள்தான். அதுக்குள்ள ஆச்சுன்னா ஆச்சு, இல்லாட்டி இல்ல. ஆனா ஆம்பளை விந்து அப்படியில்ல. உள்ள போனா அஞ்சு நாள் வரைக்கும் உசுரோட காத்துக்கிட்டு இருக்கும்."

"அஞ்சு நாளா?"

"ஆமா. உங்க வீட்டுக்காரர்கிட்ட இல்லாத பொறுமை அதுக்கு உண்டு. அதனால முட்டை வர்ற நாளும், அதுக்கு முந்தின அஞ்சு நாளும்தான் கணக்கு. அதுலயும் முட்டை வர்றதுக்கு முந்தின ரெண்டு மூணு நாள்தான் வாய்ப்பு எச்சு. வந்து ஒருநாள் தாண்டிடுச்சுன்னா கதவு சாத்தியாச்சு. நீங்க பதினேழுல போனீங்க. அது வந்து மூணு நாள் காத்திருந்து, இருபதுல முட்டையைப் பார்த்திருக்கு. ஸ்கேன் சொல்ற கணக்கும் இதேதான். அன்னைக்கு உங்க மெட்டி நிஜமா அளந்த எண்ணைப் பாருங்க, ஓரத்துல இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். "இருபத்தி நாலு."

"இருபத்தி நாலுக்கு என்ன விளக்கு?"

"பச்சைங்க." விரலால் அந்த எண்ணைத் தொட்டாள். "பச்சையா எரிஞ்சிருக்கோணுமுங்க."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவிலேயே சிரிப்பு வந்தது, சிரிப்பின் நடுவில் விக்கல் வந்தது. அந்தத் தண்ணீர் பாட்டில் அப்போதுதான் காலியானது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது. நாள் முழுக்கப் பல்பு மாற்றச் சொல்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, ஒரு பெண் முதுகை நிமிர்த்தி உட்காருவதைப் பார்க்கக் கிடைத்த நாள் அது.

"கூப்பிடட்டுமா அவங்களை?"

"கூப்பிடுங்க." உடனே கை நீட்டித் தடுத்தாள். "ஆனா மேடம், இதை இப்பக் காட்டாதீங்க. கோட்டைப் பாத்துட்டு அவரு நம்பினா, கோட்டைத்தான் நம்புனாருன்னு ஆயிரும். அதுக்கு முன்னால எனக்கு ஒரு நிமிசம் வேணும்."

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இருவரும் வந்தார்கள். திகழன் உட்காரவில்லை. "என்னங்க வந்துச்சு?" என்று என்னைக் கேட்டான்.

"அது இருக்கட்டும்," என்றாள் யாழ்மொழி. "மாமா, பெருக்கு நோம்பிக்கு முந்தின நாளு நீங்க எங்க இருந்தீங்கன்னு அத்தைகிட்டச் சொல்லுங்க."

அவன் திடுக்கிட்டான். அம்மாவைப் பார்த்தான், என் திரையின் முதுகைப் பார்த்தான். எனக்கு அவன்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"பதில் என்கிட்ட இருக்கு," என்றேன். "இந்தப் பொண்ணு சரின்னு சொன்னாத்தான் காட்டுவேன். அவ உடம்பு, அவ கணக்கு."

தர்ஷினி பையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா," என்றான் திகழன். "நான் போயிருந்தேம்மா. பல்லடத்துக் காத்தாடிக்கு. நாந்தான் சாப்பாடு எடுத்துட்டு வரச் சொன்னேன். இவ மேல தப்பில்ல." இந்த முறை விசிறியைப் பார்க்கவில்லை. "ஆடியில பொண்டாட்டியப் பாக்கப் போனேன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டேன். அதைவிட வெக்கங்கெட்ட வேலையா இவளைப் போயிச் சந்தேகப்பட்டேன்."

பிறகு யாழ்மொழியின் பக்கம் திரும்பினான்.

"மேடத்துகிட்ட என்ன வந்திருந்தாலும் சரி யாழு. காத்தாடி உச்சியில காத்து வேகம் பாக்க ஒரு மீட்டரு இருக்கும். சில நாளு அது பூஜ்யம்னு காட்டும், எறக்கை பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருக்கும். அப்ப நாங்க மீட்டரைத்தான் கழட்டுவோம், எறக்கையைக் கழட்ட மாட்டோம். தெனமும் அந்த வேலையப் பண்றவன் நானு. ஊட்டுக்குள்ள வந்ததும் எம்புத்தி எங்க போச்சுன்னு தெரியல."

"இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு இத்தனை நாளாச்சா?" என்றாள் அவள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இப்பக் காட்டுங்க மேடம்."

திரையைத் திருப்பினேன். முட்டையின் ஒருநாள் ஆயுசையும் அந்த ஐந்து நாள் பொறுமையையும் மறுபடி முதலில் இருந்து சொன்னேன். இருபத்தி நாலு என்ற எண்ணைப் பார்த்ததும் திகழன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டான். ஆடிப் பூட்டைப் பற்றிச் சொன்னபோது தர்ஷினி தலையில் கை வைத்தார்.

"அதை நாந்தானுங்க போட்டிருப்பேன். நகைக்கடையில மெட்டி வாங்கறப்ப அந்தப் புள்ள, மொத ஆடியாங்கன்னு கேட்டுச்சு. ஆடித் தள்ளுபடிக்குத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சு ஆமான்னுட்டேன்."

"தள்ளுபடி குடுத்தாங்களா?"

"இல்லீங்க. அதையும் உங்ககிட்டக் கேக்கோணும்னுதான் இருந்தேன்."

யாழ்மொழிதான் முதலில் சிரித்தாள். பிறகு திகழன் சிரித்தான், அதற்கான உரிமை தனக்கு வந்துவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

தர்ஷினி சிரிக்கவில்லை. பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்து என் மேசைமேல் வைத்தார். வக்கீல் கடிதம் இல்லை, தாலியும் இல்லை. ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. மூடியில் பெயர் வெட்டியிருந்தது. நிலவில் வீடு கட்டப் போகிற காலத்திலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதை நம்மவர்கள் விட்டபாடில்லை. 'ஹரிணி, பல்லடம்' என்று படித்தேன்.

யாழ்மொழி பாதி எழுந்துவிட்டாள். "அத்தை, இது எங்கம்மா போசி!"

"உங்கம்மாளுதுதான் சாமி. பெருக்கு நோம்பிக்கு முந்தின நாளு, இந்தத் தொரை வேலை முடிஞ்சு வந்து சமையக்கட்டுல வெச்சது. கழுவறப்ப பேரு பாத்தேன். சம்பந்தி ஊட்டுப் போசி நடந்தா வரும் எங்கூட்டுக்கு?"

திகழன் போசியை எடுத்து மூடியில் இருந்த பெயரைப் படித்தான்.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்றேன் நான்.

"தெரியுமுங்க. இவன் வாயால சொல்லட்டும்னுதான் இருந்தேன். ஸ்கேன் வந்ததுக்கப்பறமும் வாயத் தொறக்கல. நான் போசியக் காட்டியிருந்தா, போனதை ஒத்துக்கிட்டிருப்பான். ஒத்துக்கிட்டு, பூஜ்யத்துல எப்படி ஆச்சுன்னு மறுக்காவும் அவகிட்டத்தான் போயி நின்னிருப்பான். அந்தப் பூஜ்யத்தை ஒடைக்காம ஒண்ணும் நடக்காதுன்னு தெரிஞ்சுது. அதனாலதான் ரெண்டு பேரையும் ஒட்டுக்கா இங்க கூட்டியாந்தேன்."

"எனக்காச்சும் சொல்லியிருக்கலாமில்லைங்க அத்தை," என்றாள் யாழ்மொழி. "நீங்களும் என்னை அப்படித்தான் நெனக்கறீங்கன்னு நான் எத்தனை நாளு…"

தர்ஷினி உடனே அவள் கையைப் பிடித்தார். "சொல்லியிருக்கோணும் கண்ணு. பையனைத் திருத்தறேன்னு உன்னைய அழ உட்டுட்டேன். தப்புத்தான்."

யாழ்மொழி கையை உருவிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"தினமும் காலையில பூஜ்யம் பார்த்தீங்க. எங்க மெட்டி மேல ஊரே சத்தியம் பண்ணுது. நீங்க மட்டும் எப்படி நம்பாம இருந்தீங்க?"

தர்ஷினி மகனை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தத் தர்ஷினி என்ற பெயருக்கு ஏற்ற சிரிப்பு.

"ஆடியில பூஜ்யம்னு சொன்னா நான் நம்புவனுங்களா? இவன் பொறந்ததே சித்திரையிலதானுங்க."

போசியில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இருந்தது. சம்பந்தி வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, போகிற வழியில் பல்லடத்தில் இறங்கிக் கொடுத்துவிட்டு நல்ல சேதியையும் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு நாலு எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார். படியிறங்கும்போது போசியைத் திகழன் தூக்கிக்கொண்டான். யாழ்மொழி அவனுக்கு முன்னால் நடந்தாள். கொஞ்ச நாள் அப்படித்தான் நடப்பாள் என்று தோன்றியது. நடக்கட்டும்.

அவர்கள் போனபிறகு, இந்த ஆடியில் எத்தனை மெட்டிகளில் பூட்டுப் போட்டிருந்தது என்று கணினியைக் கேட்டேன். பல ஆயிரம் என்றது. அத்தனை வீடுகளிலும் யாரோ ஒரு கணக்கு வாத்தியார் யாரோ ஒரு பெண்ணைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கலாம். புகார்ப் பிரிவில் இருந்து வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டு. மேலிடத்தில் கேட்கவில்லை. கேட்டால் கமிட்டி போடுவார்கள். கமிட்டி கூடுவதற்குள் சித்திரையே வந்துவிடும்.

'ஆடி மாதத்தில் உங்கள் மெட்டி காட்டிய பூஜ்யம் அளந்து சொன்னது அல்ல. உண்மையான எண் வேண்டுமென்றால் மெட்டி அணிந்தவர் மட்டும் எங்களை அழைக்கலாம்' என்று எழுதி அனுப்பினேன். இதற்காக வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு கச்சாயத்தை எடுத்துக் கடித்தேன். வெல்லம் பதமாக இருந்தது. மனசு லேசாக இருந்தது.

இரண்டாவதை எடுப்பதற்குள் போன் அடித்தது. ஓர் ஆண் குரல், கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல.

"மேடமுங்களா? மெட்டி போட்டவங்க மட்டுந்தான் பேசோணும்னு போட்டிருந்துச்சு, தெரியுமுங்க. எம்பொண்டாட்டி அவங்கம்மா ஊட்டுல இருக்கறா. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. எங்கம்மா பக்கத்து ரூமுல இருக்குது, அதனால மெதுவாப் பேசறேன். வந்துங்க… ஆடியில நானும் ஒருக்கா போயிருந்தனுங்க."

"அதை எதுக்கு என்கிட்டச் சொல்றீங்க?" என்றேன். "போனை வெச்சுட்டுப் பக்கத்து ரூமுக்குப் போங்க."